அந்த நேரத்தில் ஞாபகம் வருமா?

மாசி பிறந்துவிட்டால் பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டுகளின் தோற்றம் மாறிவிடும். தேங்காய், வெற்றிலை, துளசிக்கு நடுவே நான்காக மடித்த ஹால் டிக்கெட் ஜெராக்ஸ், அதன்மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய இரண்டு பால் பாயின்ட் பேனா. தட்டை நீட்டும் அம்மா சொல்வதும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: "பத்தாவது சாமி. நல்லாத்தான் படிக்கிறான். அந்த நேரத்துல ஞாபகம் வரணும், அவ்ளோதான்." பேனாக்கள் உள்ளே போய்ப் பெருமாள் திருவடியில் பட்டுத் திரும்பி வரும்போது ரப்பர் பேண்டில் ஒரு துளசி இலை செருகியிருக்கும். பையன் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, இலையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, சடாரிக்குத் தலையைக் குனிவான்.

அந்த அம்மா கேட்டதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு அறிவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சென்டம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. படித்தது உள்ளே இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளே இருப்பது குறிப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வெளியே வருமா என்பதுதான் கவலை. தேர்வு எழுதும் கலையைப் பற்றி எத்தனை கையேடுகள் வந்தாலும் எல்லாமே இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான் வருகின்றன. இதில் வேடிக்கை, இந்தக் கவலைக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு பதில் கேட்டு வாங்கி வந்தவர் இந்த ஊர்க்காரர். அவருக்கு இதே கோயிலில் சன்னதியும் இருக்கிறது.

அவர் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லி என்கிற இதே பூந்தமல்லியில் வைசியர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே நந்தவனத்தில் பூப்பறித்துக் காஞ்சிக்குக் கொண்டுபோய் வரதருக்குச் சாத்துவதும், அங்கே ஆலவட்டம் வீசுவதும் அவர் கைங்கரியம். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. இந்த ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த ராமானுஜருக்கு, இளமையில் மனத்துக்குள் சில சந்தேகங்கள். பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியிடம் வேண்டுகிறார். சந்தேகங்கள் இன்னவை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவேயில்லை என்பார்கள். நம்பி திரும்பி வரும்போது ஆறு விடைகளோடு வந்தார். வினாத்தாளே இல்லாமல் வந்த விடைத்தாள்! அதுவும் நெடுவினா நடையில் கிடையாது. ஒரு மார்க் கேள்விக்கு எழுதுகிற மாதிரி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொல். ஆறு வார்த்தைகள் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

நானே பரம்பொருள், ஜீவன் வேறு நான் வேறு, சரணாகதியே வழி, உடல் விழும்போது முக்தி, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்க என்பவை ஐந்து. வரிசையில் நான்காவதாக வருவதுதான் நம் விஷயம்: சரணடைந்தவனுக்குக் கடைசி நேர நினைவு கட்டாயமில்லை.

இந்த விடை எவ்வளவு துணிச்சலானது என்று தெரிய, அதற்கு முன்பிருந்த பயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர் பிரியும் நேரத்தில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் சாகிற நேரத்தில் எத்தனை பேருக்கு நினைவு இருக்கிறது? காய்ச்சலில் பிதற்றுகிறவன், மூச்சுத் திணறுகிறவன், படுத்த படுக்கையில் பேச்சு நின்றவன் இவர்களையெல்லாம், வாழ்நாள் முழுக்கச் செய்த பக்தி அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டால் என்ன ஆவது? பெரியாழ்வாருக்கும் இந்தப் பயம் இருந்தது. அந்த நாளில் நினைக்க முடியாமல் போகலாம், அதனால் தெம்பாக இருக்கும்போதே சொல்லி வைத்துவிடுகிறேன் என்று அரங்கனிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டார். வராக சரம சுலோகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடலும் மனமும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், பிறகு கட்டைபோலக் கல்போலக் கிடக்கையில் நினைக்காவிட்டால் பரவாயில்லை, அவனை நான் நினைக்கிறேன் என்கிறார் பெருமாள். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையையே இறைவன் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான்.

பெருமாள் இவ்வளவு தாராளமாகத் தளர்த்திய விதியை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தளர்த்தியதில்லை. அங்கே அந்திம நினைவு மட்டும்தான் செல்லும். காலை 10 மணிக்கு வினாத்தாள்; படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-க்கு எழுத ஆரம்பித்தால் 1.15-க்கு முடிக்க வேண்டும். 1.16-க்கு வரும் ஞாபகத்துக்கு மதிப்பெண் கிடையாது. 'இவனுக்குத் தெரியும் சார், எழுத வராது' என்று ஆசிரியரே சாட்சி சொன்னாலும் எடுபடாது.

அப்படியானால் உள்ளே இருப்பதற்கு மதிப்பே இல்லையா? இந்தக் கேள்விக்கும் வெளியூர் போக வேண்டாம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி, பட்டாபிராம் தாண்டினால் திருநின்றவூர். அங்கே இருதயாலீஸ்வரர் கோயில். பேருக்கு ஏற்றபடி இதய நோயாளிகள் தேடி வரும் கோயிலாக இன்று ஆகிவிட்டது; ஆனால் அதன் கதை மருத்துவத்தைப் பற்றியது அல்ல. பூசலார் என்ற அடியார் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பணத்துக்கு அலைகிறார். ஒரு காசும் பெயரவில்லை. சரி, மனத்துக்குள்ளேயே கட்டுவோம் என்று உட்காருகிறார். பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் இந்தக் கட்டுமானத்தை ஒரு மேஸ்திரியின் கண்ணோடு சொல்கிறார். பூசலார் எதையும் சட்டென்று கட்டிவிடவில்லை. மனத்தில் பொருள் திரட்டி, தச்சரைச் சேர்த்து, நல்ல நாள் பார்த்து, அடிநிலை போட்டு, விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளம் வெட்டி, கடைசியில்தான் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னனும் தன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்தான். அவனை ராஜசிம்மன் என்றும் அந்தக் கோயிலைக் கைலாசநாதர் கோயில் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். சிவன் கனவில் வந்து, நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை போகிறேன், நீ தேதியைத் தள்ளிவைத்துக்கொள் என்கிறார். மன்னன் திருநின்றவூர் வந்து, பூசல் கட்டிய கோயில் எங்கே என்று விசாரிக்கிறான். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கோயிலே இல்லை!

உள்ளே இருப்பதைப் பார்க்கிற கண் இறைவனுக்கு உண்டு, மன்னனுக்கு இல்லை. தேர்வு என்பது மன்னன் பக்கத்துச் சமாசாரம். ஊரெல்லாம் தேடியும் கட்டிடம் கண்ணில் படாவிட்டால் விடைத்தாள் திருத்துகிறவர் பூஜ்யம்தான் போட முடியும். அது அவர் கொடுமையும் இல்லை.

ஆனால் பூசலார் கதையை பக்திக் கதையாக மட்டும் கேட்டுவிட்டு வந்தால் ஒரு முக்கியமான தொழில் நுணுக்கம் தவறிப்போகும். அவர் முன்னால் கல் இல்லை. ஒவ்வொரு கல்லையும் மனத்திலிருந்தே எடுத்து வைத்தாக வேண்டும். பத்தாவது படிக்கும் பையனோ நேர்மாறாகச் செய்கிறான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடிக்கோடு போட்டதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். கல் லாரி வாசலில் நிற்கிறது, அதை நாலு தடவை சுற்றிப் பார்க்கிறான், கோயில் கட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான்.

2006-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு சுற்று படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரே சுற்று படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு சுற்று படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து எல்லாம் தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதைவிடச் சுவாரசியம், நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு சுற்று படித்த கூட்டம்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், ஹாலில் வெறும் தாள் வெறித்துப் பார்ப்பதும் ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இது கோயில்காரர்களுக்குப் புதுச் செய்தியும் அல்ல. பிரபந்தமும் வேதமும் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் 'சந்தை' என்று ஒரு முறை உண்டு. ஆசிரியர் ஒரு தடவை சொல்வார், பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது வாயில் வந்தாக வேண்டும். புத்தகத்தைப் பார்க்க வழியில்லை. அப்படிக் கற்றவர்கள் நாலாயிரம் பாசுரத்தையும் கோயில் வீதியில் நடந்துகொண்டே சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஞாபகம் வரணும் என்று அவர்கள் யாரும் வேண்டிக்கொள்வதாகத் தெரியவில்லை.

சரி, வேண்டுதலுக்கு வருவோம். அம்மாவின் வேண்டுதல் கௌரவமானது. பையனின் வேண்டுதல் பெரும்பாலும் வேறு: "நான் படிச்சது மட்டும் வரணும் சாமி." இதற்குக் கிறிஸ்தவ மரபில் ஒரு புனிதரே இருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த குப்பர்த்தினோ சூசையப்பர், படிப்பில் ரொம்பவும் மந்தம். குருப்பட்டத்துக்கு முந்தின தேர்வில் ஆயர் நற்செய்தி நூலைப் புரட்டி ஒரு வரியைக் கேட்க, அவருக்கு விளக்கத் தெரிந்த ஒரே வரி அதுவாக இருந்தது. அடுத்த தேர்வில் முதலில் வந்த சிலர் நன்றாகச் சொல்லிவிட, மீதிப் பேரைக் கேட்காமலே தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். அந்த மீதியில் இவர் இருந்தார். இன்று உலகெங்கும் பரீட்சை எழுதும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அவர்தான் பாதுகாவலர். புக் பேக் கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் போகும் அம்பத்தூர்ப் பையன் எந்த மதமானாலும் மனதளவில் அவருடைய பக்தன்தான்.

இந்த வேண்டுதலில் ஒரு தர்க்கச் சிக்கல் இருக்கிறது. அவன் கோயிலில் நிற்கும்போது வினாத்தாள் அச்சாகிக் கட்டுக்காப்பு மையத்துக்கே போயிருக்கும். நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லி வேண்டலாமா? ரிசல்ட் வருகிற காலையில் கற்பூரம் ஏற்றுவது இன்னும் மோசம். மதிப்பெண் கணினியில் ஏறிப் பல நாள் ஆகியிருக்கும். யூதர்களின் மிஷ்னா என்ற பழைய சட்ட நூல் இதை வீண் பிரார்த்தனை என்று கறாராக ஒதுக்குகிறது. 1964-இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் ஒரு கட்டுரையில் இதற்கு எதிர்வாதம் வைத்தார். நாளை ஒருவன் உண்மையாக வேண்டப்போகிறான் என்பது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், இன்றே அதைக் கணக்கில் எடுத்திருக்கலாமே? வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒப்புக்கொண்டாலும், மிச்சமிருப்பது இன்னொரு பிரச்சினை. அது யாருக்கு எதிராக வேண்டுகிறோம் என்பது.

பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி. எத்தனை லட்சம் பேர் எடுத்தாலும் இடம் உண்டு. யாருடைய 35-உம் இன்னொருவர் தட்டிலிருந்து எடுத்தது அல்ல. மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தையும் 2017-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இரண்டே வருடத்தில் அதே பையன் பிளஸ் டூ எழுதுவான். கணிதத்துக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டு வரிசையில் நிறுத்துவார்கள். அங்கே கூடுதலாகக் கிடைக்கும் அரை மார்க், முகம் தெரியாத ஒரு பிள்ளையை ஒரு படி கீழே இறக்கும். அந்தப் பிள்ளையின் அம்மாவும் பாடி திருவலிதாயத்தில் குரு பகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தியிருப்பார். தேர்ச்சிக்கு வேண்டுவதும் வரிசையில் முந்துவதற்கு வேண்டுவதும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒரே வேண்டுதல் இல்லை என்றே தோன்றுகிறது. கோயில் வாசலில் யாரும் இந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று பரீட்சைக் காலத்தில் ஒரு தாயிடம் சொல்லவும் முடியாது.

பூஜை செய்த பேனா வேலை செய்யுமா? 2010-இல் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கோல்ஃப் பந்தைக் கொடுத்து, இது ராசியான பந்து என்று சொன்னால் குழியில் விழும் எண்ணிக்கை கூடுகிறது என்றார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின. 2014-இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் அதிகமான ஆட்களை வைத்து அதையே திரும்பச் செய்தபோது ராசியின் பலன் தென்படவில்லை. ஆகவே துளசி இலைக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேட வேண்டாம். கை நடுங்குகிற பிள்ளைக்கு, தனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் தன் பக்கம் நிற்கிறார்கள் என்று அந்த இலை சொல்லுமானால் அதுவே பெரிய காரியம். அதைச் செய்வதற்கு அது பந்தை எங்கும் உருட்ட வேண்டியதில்லை.

வைணவர்கள் இந்த முயற்சி, அருள் விவகாரத்தில் இரண்டாகவே பிரிந்தவர்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுக்கிக் கட்டிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். முதலாவதைப்போல ஜீவன் சிறு முயற்சியாவது செய்ய வேண்டும் என்பது வடகலை, இரண்டாவதைப்போலச் சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. மோட்சத்தைப் பற்றி எந்தக் கட்சியில் இருந்தாலும், கணக்குப் பரீட்சையில் எல்லோரும் குரங்குக் குட்டிதான்.

கணக்குத் தாளையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் பத்து, ஐந்து மார்க்கில் பத்து, எட்டு மார்க்கில் வரைபடமும் வடிவியலும் என்று இரண்டு. மொத்தம் 100 மார்க், 180 நிமிடம். மார்க்குக்கு 1.8 நிமிடம். அதாவது ஐந்து மார்க் கணக்குக்கு ஒன்பது நிமிடம். பத்து கணக்குக்கு ஒன்றரை மணி. ஒரு மார்க் பதினாலையும் பத்து நிமிடத்தில் முடிக்கிறவன் கால் மணி நேரத்தைச் சம்பாதித்துக் கையில் வைத்திருப்பான். 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாயம். அவற்றை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த வேறொன்றை எழுதி எண்ணிக்கையைச் சரிக்கட்டினால் அது கணக்கில் சேராது. ஒவ்வொரு பங்குனியிலும் நன்றாகப் படித்த பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கணக்கு தெரியாமல் இல்லை. வினாத்தாள் படிக்கக் கொடுத்த அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுலோகம் சொல்ல 9.55 வரை நேரம் இருந்தது. 10 மணிக்குப் பிறகு 28-ஐயும் 42-ஐயும் தேடிப் போய் ஒரு பார்வை பார்த்துவிடுவதுதான் உத்தமம். மற்றதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடிமனம் அந்த இரண்டையும் மென்றுகொண்டிருக்கும்.

விடைத்தாளில் சாமி பெயர், பிள்ளையார் சுழி, எந்த அடையாளமும் போடக்கூடாது என்று ஆசிரியர்கள் முதல் நாளே எச்சரித்து அனுப்புவார்கள். அதனால் பல பிள்ளைகள் ஒன்று செய்கிறார்கள். விரல் நுனியால் பெஞ்சு மரத்தின்மேல், மை இல்லாமல், ஒரு 'உ' போட்டுவிட்டு அதன்மேல் தாளை இழுத்து வைத்துக்கொள்வார்கள். ஹால் சூப்பர்வைசர் கண்ணில் எதுவும் படாது. பூசலார் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

1.15-க்கு நீண்ட மணி அடித்ததும் பள்ளி வாசலில் அம்மாக்கள் கூட்டம். ஒருவர் கையில் மோர் பாட்டில், தோளில் துண்டு. வெளியே வந்த பையன் பாதி மோரைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்கிறார்:

"எல்லாம் ஞாபகம் வந்துச்சாடா?"

"ஒரு அஞ்சு மார்க் மட்டும் வரலம்மா. பேப்பரைக் குடுத்துட்டு படி இறங்குறப்போ வந்துச்சு."

"கட்டாயக் கேள்வி?"

"ரெண்டும் எழுதிட்டேன்." சட்டைப் பையில் கைவிட்டு, வாடிப்போன துளசியை எடுத்துப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டான். "அடுத்து சயின்ஸ். தண்ணி பாட்டில் வேற எடுத்துட்டு வாம்மா, மோர் குடிச்சா தூக்கம் வருது."